வீட்டுக் கணினியில் ஸ்பைவேர், வைரஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விண்டோஸ் 10 அல்லது 11 ஓடும் வீட்டுக் கணினிக்காக எழுதியது இது. ஆபீஸில் கொடுத்த லேப்டாப் என்றால், இதில் எதையும் செய்து பார்க்காமல் அங்குள்ள ஐடி ஆட்களிடம் சொல்லிவிடுங்கள்.

கணினி ரொம்ப மெதுவாகிவிட்டது. வைரஸ்தானா?

பெரும்பாலும் இல்லை. பழைய ஹார்டு டிஸ்க், 4 ஜிபி ரேம், பிரவுசரில் முப்பது டேப் என்று இருந்தால் எந்தக் கணினியும் திணறத்தான் செய்யும். இப்போது வரும் திருட்டு மென்பொருள்கள் பலவும் கணினியை மெதுவாக்குவதே இல்லை. வந்தது தெரியாமல் வேலையை முடித்துவிட்டுப் போவதில்தான் அவற்றுக்கு லாபம்.

கவலைப்பட வேண்டிய அறிகுறிகள் வேறு. நீங்கள் மாற்றாமலே பிரவுசரின் தேடுபொறி மாறியிருக்கும். விண்டோஸ் செக்யூரிட்டி அணைந்து கிடக்கும், போட்டாலும் நிற்காது. புது இடத்திலிருந்து உங்கள் கணக்கில் யாரோ நுழைந்ததாக மெயில் வரும். நீங்கள் அனுப்பாத லிங்க் உங்கள் பெயரில் நண்பர்களுக்குப் போயிருக்கும். சும்மா இருக்கும்போது ஃபேன் இரைந்து, டாஸ்க் மேனேஜரைத் திறந்த மறுநொடி அமைதியானால், யாருக்கோ கிரிப்டோ நாணயம் தோண்டிக் கொடுத்துக்கொண்டிருக்கிறது உங்கள் கணினி என்று சந்தேகிக்கலாம். டாஸ்க் மேனேஜரைப் பார்த்ததும் பதுங்கிக்கொள்வது அந்த ரக மென்பொருள்களின் பழைய வித்தை.

சந்தேகம் வந்தவுடன் முதலில் எதை வைத்து ஸ்கேன் செய்வது?

முதலில் ஸ்கேன் வேண்டாம். வைஃபையை அணையுங்கள், கேபிள் என்றால் பிடுங்குங்கள். எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் செருகியிருந்தால் அதையும் கழற்றுங்கள்.

அடுத்த வேலை கணினியில் இல்லை, போனில். மொபைல் டேட்டாவில் இருந்துகொண்டு முதலில் மெயில் பாஸ்வேர்டை மாற்றுங்கள். மற்ற எல்லாக் கணக்குகளுக்கும் 'பாஸ்வேர்ட் மறந்துவிட்டேன்' கடிதம் வந்து சேரும் இடம் அதுதானே. அப்புறம் வங்கி, யுபிஐயோடு சேர்ந்த கணக்குகள், அப்புறம் மற்றவை. பாஸ்வேர்டை மாற்றியதோடு நிறுத்தாமல், கூகுள் கணக்கில் 'யுவர் டிவைசஸ்' பகுதிக்குப் போய் அந்தக் கணினியை வெளியேற்றுங்கள். வாட்ஸ்அப்பில் 'லிங்க்டு டிவைசஸ்' பார்த்து அதையும் வெட்டிவிடுங்கள்.

வெளியேற்றுவதை ஏன் வலியுறுத்துகிறேன் என்றால், பலரும் போனில் குரோம் கேட்கும்போது புதுப் பாஸ்வேர்டைச் சேமித்துவிடுகிறார்கள். பாதிக்கப்பட்ட கணினியிலும் அதே கூகுள் கணக்கு திறந்திருந்தால், இணையம் வந்ததும் சிங்க் ஆகி, இப்போதுதான் மாற்றிய பாஸ்வேர்ட் நேராகத் திருடன் கைக்கே போய்ச் சேரும்.

எனக்குத்தான் ஓடிபி இருக்கிறதே. பாஸ்வேர்ட் போனால் என்ன?

பாஸ்வேர்ட் மட்டும் போனால் ஓடிபி காப்பாற்றும். போவது அது மட்டுமல்ல.

ஒருமுறை ஓடிபி போட்டு ஜிமெயிலுக்குள் போய்விட்டால், மறுநாள் திறக்கும்போது மறுபடி கேட்பதில்லை. 'இந்த ஆள் ஏற்கெனவே வந்தவர்தான்' என்று சொல்லும் குக்கி ஒன்று பிரவுசரில் இருப்பதே காரணம். இன்ஃபோஸ்டீலர் எனப்படும் ரகம் சேமித்த பாஸ்வேர்டுகளோடு இந்தக் குக்கிகளையும் அள்ளிக்கொண்டு போகிறது. அதைத் தன் பிரவுசரில் போட்டுக்கொள்பவனுக்குப் பாஸ்வேர்டும் தேவையில்லை, ஓடிபியும் தேவையில்லை. ஜிமெயிலைத் திறந்தால் உங்கள் இன்பாக்ஸ் அவன் திரையில் விரியும். எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேற்றினால்தான் அந்தக் குக்கி செல்லாக்காசாகும்.

இதெல்லாம் எங்கோ நடப்பது இல்லை. லுமா என்ற ஒரே ஒரு ஸ்டீலர், 2025 மார்ச் 16 முதல் மே 16 வரையிலான இரண்டு மாதங்களில் உலகெங்கும் 3,94,000-க்கும் மேற்பட்ட விண்டோஸ் கணினிகளைப் பிடித்திருந்ததாக மைக்ரோசாஃப்ட் கண்டறிந்தது. நீதிமன்ற உத்தரவு பெற்று அதன் தளங்களை முடக்கியபோது வெளியான கணக்கு அது. இந்த ரகம் திருடி முடித்ததும் தன்னைத்தானே அழித்துக்கொள்வதும் உண்டு. பிறகு எதை வைத்து ஸ்கேன் செய்தாலும் 'ஒன்றுமில்லை' என்றே வரும். கணினியைச் சுத்தம் செய்வதைவிடக் கணக்குகளைப் பூட்டுவதுதான் அவசரம் என்று நான் சொல்வது இதனால்தான்.

எப்படி உள்ளே வந்திருக்கும்? நான் எதையும் இன்ஸ்டால் செய்யவில்லையே.

வீட்டில் இருக்கிற மற்றவர்களையும் கேளுங்கள். கிராக் செய்த ஃபோட்டோஷாப், டேலி, விண்டோஸை ஆக்டிவேட் செய்யும் 'கேஎம்எஸ்' கருவி, விளையாட்டுக்கான சீட் ஃபைல், இவைதான் நான் முதலில் விசாரிப்பவை. கிராக் ஃபைலோடு வரும் குறிப்பில் 'ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு ஓட்டவும்' என்று எழுதியிருக்கும். திருடனே வந்து நாயைக் கட்டிப்போடச் சொல்கிறான், நாமும் கட்டிப்போடுகிறோம்.

இன்னொன்று 2024-லிருந்து பரவலாகிவிட்டது. ஏதோ ஒரு தளத்தில் 'நீங்கள் ரோபோ இல்லை என்று நிரூபியுங்கள்' என்று ஒரு பெட்டி வரும். டிக் செய்தால் மூன்று படிகள் காட்டும்: விண்டோஸ் கீயோடு ஆர், பிறகு கண்ட்ரோலோடு வி, பிறகு எண்டர். முதல் படியில் 'ரன்' பெட்டி திறக்கும். இரண்டாவதில், அந்தத் தளம் உங்களுக்குத் தெரியாமல் கிளிப்போர்டில் வைத்த நீளமான கட்டளை அங்கே வந்து விழும். பெட்டி சின்னது என்பதால் அதன் வால்பகுதி மட்டும்தான் கண்ணில் படும், அங்கே 'நான் ரோபோ இல்லை' என்கிற மாதிரி சாதுவான வாசகம் இருக்கும். மூன்றாவது படியில் வேலை முடிந்தது. கிளிக்ஃபிக்ஸ் என்பது இதற்கு வைத்திருக்கும் பெயர். எந்த நேர்மையான தளமும் 'ரன்' பெட்டியைத் திறக்கச் சொல்லாது.

மெயிலில் வரும் 'இன்வாய்ஸ்' ஒரு பழைய வழி. விண்டோஸ் ஃபைல் பெயரின் கடைசிப் பகுதியை மறைத்து வைப்பதால், 'பில்.பிடிஎஃப்.இஎக்ஸ்இ' என்ற புரோகிராம் 'பில்.பிடிஎஃப்' என்று மட்டும் தெரியும். ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் 'வியூ' போய் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதை இன்றே டிக் செய்துவிடுங்கள்.

டிஃபெண்டர் போதுமா, காசு கொடுத்து ஆன்டிவைரஸ் வாங்க வேண்டுமா?

வீட்டுக்கு, விண்டோஸ் செக்யூரிட்டிக்குள் இருக்கும் ஆன்டிவைரஸான டிஃபெண்டரே போதும். விண்டோஸ் 8 காலத்திலிருந்தே அது கூடவே வருகிறது, ஆரம்பத்தில் சுமாராக இருந்தது, இப்போது அப்படி இல்லை. இரண்டாவது அபிப்பிராயத்துக்கு மால்வேர்பைட்ஸின் இலவசப் பதிப்பை வைத்து ஒருமுறை ஸ்கேன் செய்யலாம். விளம்பரத் தொல்லை, தேடுபொறியைத் தானாக மாற்றிவிடும் பிரவுசர் கடத்தல் என்றால் அதே நிறுவனத்தின் ஆட்வ்கிளீனர் நன்றாக வேலை செய்யும். எப்போதும் காவல் காக்கும் ஆன்டிவைரஸ் இரண்டை ஒன்றாக வைக்காதீர்கள், ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும்.

சரி, சுத்தம் செய்யும் வரிசை என்ன?

கணக்குகளைப் போனில் பூட்டியாகிவிட்டது என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். உங்கள் ஃபைல்கள் பூட்டப்பட்டிருந்தால், கீழே ரான்சம்வேர் கேள்விக்குப் போய்விடுங்கள்.

முதலில் போட்டோ, ஆவணங்கள் ஆகியவற்றை மட்டும் வெளி டிஸ்க்கில் நகலெடுங்கள். இன்ஸ்டால் செய்யும் ஃபைல்கள், கிராக் வைத்திருந்த ஃபோல்டர், ஜிப் எதுவும் கூடவே போகக் கூடாது. பிறகு 'இன்ஸ்டால்டு ஆப்ஸ்' பட்டியலைத் தேதி வாரியாக அடுக்கி, தொல்லை ஆரம்பித்த நாளையொட்டி வந்த அந்நியப் பெயர்களை நீக்குங்கள்.

ஸ்கேனுக்கு முன்னால் பார்க்க வேண்டிய ஒரு இடம் உண்டு. இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். விண்டோஸ் செக்யூரிட்டியில் 'வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்‌ஷன்', அதற்குள் 'மேனேஜ் செட்டிங்ஸ்', கடைசியில் 'எக்ஸ்க்ளூஷன்ஸ்'. டிஃபெண்டர் எட்டிப் பார்க்கக் கூடாத ஃபோல்டர்களின் பட்டியல் அது. நீங்கள் எதுவும் சேர்க்காதவர் என்றால் காலியாக இருக்க வேண்டும். சில கணினிகளில் அங்கே மொத்த சி டிரைவும் உட்கார்ந்திருக்கும். கிராக் ஃபைலோ வைரஸோ செய்துவிட்டுப் போன வேலை. அந்த நிலையில் எத்தனை முறை ஸ்கேன் செய்தாலும் பச்சை டிக்தான் வரும். எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, டிஃபெண்டரின் செட்டிங்ஸை மற்ற மென்பொருள்கள் மாற்றவிடாமல் தடுக்கும் 'டேம்பர் புரொடெக்‌ஷன்' ஆன் ஆகியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

இனி இணையத்தைச் சிறிது நேரம் இணைத்து, டிஃபெண்டரை அப்டேட் செய்து, மால்வேர்பைட்ஸை அதன் சொந்தத் தளத்திலிருந்து இறக்கி இன்ஸ்டால் செய்துகொண்டு, மறுபடி துண்டியுங்கள். கூகுளில் தேடினால் மேலே விளம்பரமாக வரும் லிங்க்கைத் தொடாதீர்கள். டிஃபெண்டரில் ஃபுல் ஸ்கேன், அது முடிந்ததும் 'ஸ்கேன் ஆப்ஷன்ஸ்' பகுதியில் ஆஃப்லைன் ஸ்கேன். இரண்டாவதில் கணினி ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் முழுதாக எழுவதற்கு முன்பே கால் மணி நேரம் போலத் தேடும். விண்டோஸ் ஓடும்போது ஒளிந்துகொள்ளும் சங்கதிகள் அதில் மாட்டும். அப்புறம் மால்வேர்பைட்ஸ்.

விண்டோஸே சரியாக எழவில்லை என்றால், ஷிஃப்ட் கீயை அழுத்தியபடி ரீஸ்டார்ட் கொடுத்து, அத்தியாவசியமானவை மட்டும் ஓடும் சேஃப் மோடுக்குப் போகலாம். அங்கே, டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் வசதியின் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டு நிற்கலாம். அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும், முன்கூட்டியே போனில் எடுத்து வைத்துக்கொண்டு இறங்குங்கள்.

திரையின் ஓரத்தில் 'உங்கள் கணினியில் 5 வைரஸ்' என்று வந்துகொண்டே இருக்கிறது.

வைரஸ் இல்லை. ஏதோ ஒரு தளம் 'அலோ' கேட்டபோது அழுத்தியிருப்பீர்கள். குரோம் செட்டிங்ஸில் 'சைட் செட்டிங்ஸ்', அதில் 'நோட்டிஃபிகேஷன்ஸ்' போய், தெரியாத தளங்கள் எல்லாவற்றையும் நீக்குங்கள். இதற்குக் கடையில் காசு வாங்கினால் அது அநியாயம்.

நீக்கிய பிரவுசர் எக்ஸ்டென்ஷன் மறுபடி மறுபடி வந்து உட்காருகிறதே?

மூன்று காரணங்கள் இருக்கலாம். கூகுள் கணக்கின் சிங்க் அதைத் திரும்பக் கொண்டுவரலாம். சிங்க்கை நிறுத்திவிட்டு நீக்கிப் பாருங்கள். இரண்டாவது, குரோம் மெனுவின் அடியில் 'மேனேஜ்டு பை யுவர் ஆர்கனைசேஷன்' என்று இருக்கிறதா பாருங்கள். கம்பெனிகள் தங்கள் கணினிகளைக் கட்டுப்படுத்த வைத்திருக்கும் வசதி அது. வீட்டுக் கணினியில், அதுவும் எந்தப் பாதுகாப்பு மென்பொருளும் புதிதாகப் போடாமல் இருக்கும்போது அப்படி வந்தால், யாரோ அந்த வசதியை வைத்து எக்ஸ்டென்ஷனை ஆணியடித்திருக்கிறார்கள் என்று பொருள். ஆட்வ்கிளீனர் பெரும்பாலும் இதைக் கழற்றிவிடும்.

மூன்றாவது, வேலைகளைத் தானாக ஓட்டும் விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரில் ஒரு வேலை காத்திருந்து, ஒவ்வொரு முறை லாகின் செய்யும்போதும் மறுபடி இன்ஸ்டால் செய்யும். இதைப் பிடிக்க மைக்ரோசாஃப்டின் ஆட்டோரன்ஸ் என்ற இலவசக் கருவியைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை. மார்க் ருசினோவிச் உருவாக்கிய சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் ஒன்று அது. 2005-இல் சோனி பிஎம்ஜியின் பாட்டு சிடிக்குள் ஒளிந்திருந்த ரூட்கிட்டை (விண்டோஸின் கண்ணுக்கே படாமல் மறைந்துகொள்ளும் மென்பொருள்) கண்டுபிடித்து உலகுக்குச் சொன்னவர் அவர்தான். ஆட்டோரன்ஸைத் திறந்து மைக்ரோசாஃப்ட் பெயருள்ளவற்றை மறைத்தால் பட்டியல் சுருங்கிவிடும். 'ஆப்டேட்டா' ஃபோல்டரிலிருந்து ஓடும், கையெழுத்திட்டவர் பெயர் இல்லாத வரிகளைக் கவனியுங்கள். 'எஸ்விசிஹோஸ்ட்' என்ற பெயரைப் பார்த்து பயப்பட வேண்டாம், அது விண்டோஸின் சொந்தப் பிள்ளை. ஆனால் 'சிஸ்டம்32' ஃபோல்டரை விட்டுவிட்டு 'ஆப்டேட்டா'வில் இருந்தால், வேஷம் போட்ட ஆள். உடனே அழிக்காமல் டிக்கை மட்டும் எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். தவறாகிவிட்டால் திரும்பப் போட்டுக்கொள்ளலாம்.

திரை முழுக்க மைக்ரோசாஃப்ட் எச்சரிக்கை, சத்தம் வேறு. ஒரு போன் எண்ணும் கொடுத்திருக்கிறார்கள்.

அந்த எண்ணுக்குப் பேசாதீர்கள். மைக்ரோசாஃப்டின் உண்மையான எச்சரிக்கையில் போன் எண் இருக்காது. இது முழுத்திரையில் விரித்த வெறும் வெப் பக்கம். எஸ்கேப் கீயைச் சில நொடிகள் அழுத்திப் பிடியுங்கள், நகரவில்லை என்றால் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை மூடுங்கள். திரும்பத் திறக்கும்போது பழைய பக்கங்களை மீட்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

ஏற்கெனவே பேசி, தூரத்திலிருந்து கணினியை இயக்க உதவும் எனிடெஸ்க் போன்றதை இன்ஸ்டால் செய்து உள்ளே விட்டாகிவிட்டது என்றால் கதை வேறு. இணையத்தைத் துண்டித்து, அந்தச் செயலியை நீக்கி, வங்கிக்குச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் இந்தியாவில் 1930 எண்ணுக்கு அப்போதே அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் புகார் போகிறதோ, பணம் அடுத்த கணக்குக்கு நகருமுன் முடக்க அவ்வளவு வாய்ப்பு.

அரசு பெயரில் 'பாட் நீக்கும் கருவியை இறக்குங்கள்' என்று எஸ்எம்எஸ் வந்தது. ஏமாற்று வேலையா?

ஏமாற்று வேலையாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. பாட் என்பது உங்கள் கணினியைத் தூரத்திலிருந்து ஆட்டிவைக்கும் திருட்டு மென்பொருள். மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2017-இல் தொடங்கிய சைபர் ஸ்வச்தா கேந்திரா அப்படி எஸ்எம்எஸ் அனுப்புவது உண்டு. இருந்தாலும் எஸ்எம்எஸ்ஸில் வந்த லிங்க்கை அழுத்தாமல், முகவரியை நீங்களே தட்டச்சு செய்து போங்கள். அது 'ஜிஓவி.இன்' என்று முடிய வேண்டும்.

ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்துவிட்டு வந்தேன். பென் டிரைவில் எல்லாம் ஷார்ட்கட்டாகிவிட்டது.

உங்கள் ஃபைல்கள் போகவில்லை, மறைக்கப்பட்டிருக்கின்றன. அந்த ஷார்ட்கட்டை மட்டும் சொடுக்காதீர்கள்.

முன்பெல்லாம் பென் டிரைவைச் செருகியதுமே வைரஸ் தானாக ஓடும். 2011-இல் பழைய விண்டோஸ்களுக்கும் மைக்ரோசாஃப்ட் அந்த வழியை அடைத்தது. உங்களையே சொடுக்க வைக்கும் ஷார்ட்கட் தந்திரம் அதற்குப் பிறகும் நன்றாகவே பிழைத்துக் கிடக்கிறது. உங்கள் ஃபோல்டரை மறைத்துவிட்டு, அதே பெயரில், அதே படத்தோடு ஒரு ஷார்ட்கட்டை வைக்கும். சொடுக்கினால் வைரஸ் ஓடி, கூடவே உங்கள் ஃபோல்டரும் திறக்கும், சந்தேகமே வராது. கவனித்துப் பார்த்தால் படத்தின் மூலையில் குட்டி அம்புக்குறி தெரியும்.

ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் 'ஆப்ஷன்ஸ்', 'வியூ' பகுதியில் மறைந்த ஃபைல்களைக் காட்டச் சொல்லி, 'ஹைடு புரொடெக்டட் ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஃபைல்ஸ்' என்ற டிக்கையும் எடுத்துவிடுங்கள். உண்மையான ஃபோல்டர்கள் மங்கலாகத் தெரியும். சிலவற்றில் எல்லா ஃபைல்களும் பெயரே இல்லாத ஒரு ஃபோல்டருக்குள் கிடக்கும். தேவையான ஆவணங்களை மட்டும் நகலெடுத்துக்கொண்டு, பென் டிரைவை ஃபார்மட் செய்துவிடுங்கள். ஷார்ட்கட்டை ஏற்கெனவே சொடுக்கியிருந்தால் கணினியையும் ஸ்கேன் செய்ய வேண்டும், இல்லையேல் அடுத்து செருகும் பென் டிரைவுக்கும் இதே கதிதான். பிரிண்ட் எடுக்க மட்டும் தனியாக ஒரு பழைய பென் டிரைவ் வைத்துக்கொள்வது நல்ல பழக்கம்.

போட்டோக்களின் பெயருக்குப் பின்னால் வேறு ஏதோ ஒட்டியிருக்கிறது. எதுவும் திறக்கவில்லை, பணம் கேட்டு ஒரு குறிப்பு.

ரான்சம்வேர். வைரஸை நீக்குவது சுலபம், பூட்டிய ஃபைலைத் திறப்பதுதான் கஷ்டம். வைரஸை நீக்கிவிட்டால் ஃபைல் திறந்துவிடும் என்று நினைத்து ஏமாற வேண்டாம்.

'நோ மோர் ரான்சம்' என்ற தளம் 2016-இல் நெதர்லாந்து காவல்துறையும் யூரோபோலும் பாதுகாப்பு நிறுவனங்களும் சேர்ந்து தொடங்கியது. பூட்டிய ஃபைல் ஒன்றையும் அந்தக் குறிப்பையும் அங்கே கொடுத்தால், சாவி இருக்கிறதா என்று சொல்லும், இருந்தால் இலவசம். வீட்டுக் கணினிகளை அதிகம் பிடித்தது கிராக் மென்பொருள் வழியாக வந்த ஸ்டாப் குடும்பம், டிஜேவியூ என்றும் சொல்வார்கள். 2019 ஆகஸ்ட்டுக்கு முந்தைய அதன் பழைய வகைகள் பலவற்றுக்கு எம்சிசாஃப்ட் நிறுவனத்தின் கருவி உண்டு. புதியவற்றில் பெரும்பாலானவற்றுக்கு வழியில்லை. பணம் கட்டினாலும் சாவி வரும் என்ற உத்தரவாதம் கிடையாது. பூட்டிய ஃபைல்களை அழிக்காமல் ஒரு டிஸ்க்கில் போட்டு வையுங்கள். கும்பல் பிடிபட்டுப் பின்னாளில் சாவி வெளிவந்த சம்பவங்கள் உண்டு.

எப்போது ஃபார்மட் செய்தே ஆக வேண்டும்?

விளம்பரத் தொல்லை, பிரவுசர் கடத்தல் என்றால் சுத்தம் செய்தாலே போதும். ஸ்டீலர், தூரத்திலிருந்து கணினியை இயக்கும் ட்ரோஜன், ரான்சம்வேர் இவற்றில் எது வந்திருந்தாலும் நான் சுத்தம் செய்வதில் நேரம் கழிக்க மாட்டேன், விண்டோஸைப் புதிதாகப் போட்டுவிடுவேன். ஒரு மாலைப்பொழுது வேலைதான்.

செட்டிங்ஸில் 'ரீசெட் திஸ் பிசி' இருக்கிறது, அதில் 'ரிமூவ் எவ்ரிதிங்', 'கிளவுட் டவுன்லோட்'. இன்னும் சுத்தமான வழி, வேறு கணினியில் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து மீடியா கிரியேஷன் டூலை இறக்கி, 8 ஜிபி பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்து போடுவது. ஒரிஜினல் விண்டோஸோடு வாங்கிய கணினி என்றால் இணையத்தில் இணைந்ததும் தானே ஆக்டிவேட் ஆகும். கடையில் கொடுத்தால் ஒன்றை மட்டும் கறாராகச் சொல்லுங்கள்: கிராக் வேண்டாம். வைரஸை எடுக்கப் போய், ஆக்டிவேட்டர் வழியாக இன்னொன்றை வாங்கி வந்தவர்கள் நிறைய.

ஃபார்மட்டையும் தாண்டி வைரஸ் இருக்குமாமே?

இருக்கிறது. மதர்போர்டின் ஃபர்ம்வேரிலேயே, அதாவது விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை மென்பொருளிலேயே, குடியேறும் லோஜாக்ஸ் என்ற ஒன்றை 2018-இல் ஈசெட் நிறுவனம் கண்டுபிடித்தது. அது அரசு அலுவலகங்களைக் குறிவைத்த உளவு வேலை. உங்கள் வீட்டில் ஃபார்மட்டுக்குப் பிறகும் திரும்பி வந்தால், பேக்கப்பில் வைத்திருந்த ஒரு ஃபைலைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். ரவுட்டரின் அட்மின் பாஸ்வேர்டையும் மாற்றிவிடுங்கள்.

வீட்டில் இருப்பவரே என்னை வேவு பார்க்கிறாரோ என்று சந்தேகம்.

அப்படியானால் அவசரப்பட்டு எதையும் நீக்காதீர்கள். நீக்கியது அவருக்குத் தெரிந்துவிடும், சில வீடுகளில் அது ஆபத்து, ஆதாரமும் போய்விடும். அந்தக் கணினியில் இதைப் பற்றித் தேடவும் வேண்டாம். நம்பிக்கையானவரின் போனிலிருந்து உதவி கேளுங்கள். இந்தியாவில் பெண்களுக்கான உதவி எண் 181.

விண்டோஸ் 10-இலேயே இருக்கலாமா?

அதற்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. நீட்டிப்புத் திட்டத்தில் பதிவு செய்தவர்களுக்கு மேலும் ஓராண்டு பாதுகாப்பு அப்டேட் உண்டு. அதுவும் இல்லாமல் ஓட்டுவது சரியில்லை. 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் உலகைச் சுற்றி வந்தபோது, அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் மார்ச்சிலேயே வெளிவந்திருந்தது. போடாதவர்கள்தான் மாட்டினார்கள். 11 ஏறாத பழைய கணினி என்றால், விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுப் பாருங்கள், பிரவுசர் வேலைக்கு நன்றாகவே ஓடும்.

எல்லாம் செய்துவிட்டேன். சுத்தமாகிவிட்டது என்று எப்படி உறுதி செய்வது?

நூறு சதவீதம் சொல்ல எந்தக் கருவியாலும் முடியாது. ரீஸ்டார்ட்டுக்குப் பிறகும் டிஃபெண்டர் ஆனாகவே இருக்கிறதா, எக்ஸ்க்ளூஷன்ஸ் காலியாகவே இருக்கிறதா, பிரவுசர் நீங்கள் வைத்தபடி இருக்கிறதா என்று சில நாட்கள் பாருங்கள். ஜிமெயிலில் 'ஃபில்டர்ஸ்', 'ஃபார்வர்டிங்' பகுதிகளையும் திறந்து பாருங்கள். உள்ளே வந்தவன் உங்கள் வங்கி மெயில்கள் தனக்கும் ஒரு நகல் வரும்படி விதி போட்டுவிட்டுப் போயிருக்கலாம், அது கணினியை ஃபார்மட் செய்தாலும் போகாது. இவ்வளவும் சரியாக இருந்தால், முதலில் மெயிலை மட்டும் அந்தக் கணினியில் திறங்கள். வங்கி வேலையை இன்னும் இரண்டு வாரம் போனிலேயே பார்த்துக்கொள்ளலாம்.